உன் நாலாவது குழந்தையும் என் பொறாமையும்

பிரபு,

இதை ஆபீஸில், மதியச் சாப்பாடு முடிந்து தனியாக இருக்கும்போது படி. வீட்டில் வைத்துப் படிக்க உனக்கு இடம் கிடைக்காது. ஒருத்தி முதுகில் ஏறுவாள், ஒருத்தன் காகிதத்தைப் பிடுங்குவான். போனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போனில் நான் எப்படிப் பேசுவேன் என்று உனக்குத் தெரியும். மழை பெய்ததா, வண்டி சர்வீஸ் விட்டாயா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். உனக்கு முப்பத்தாறு வயசாகிறது. இத்தனை வருஷமும் நாம் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதனால் ரயில்வே ஆபீஸில் பைல் எழுதிய பழக்கத்தில் இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை எடமலைப்பட்டி புதூரில் உன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். முசிறியிலிருந்து உன் மாமனாரும் மாமியாரும் வந்திருந்தார்கள். இன்றைக்கு என்ன விசேஷம், பாயசமெல்லாம் வைத்திருக்கிறாயே என்று அம்மா வாணியைக் கேட்டாள். வாணி உன்னைப் பார்த்தாள். நீ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நாலாவது வரப்போகுதும்மா" என்றாய். உன் மாமியார் எழுந்து போய் மகளின் நெற்றியைத் தடவினார். யாழினி கை தட்டினாள், அக்கா தட்டுகிறாளே என்று நிலாவும் தட்டினாள். உன் மாமனார், "அப்ப இனிமே ரெண்டு வாழைத்தாரா கொண்டாரணும்" என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு நீ என்னைப் பார்த்தாய். ஒரு வார்த்தைக்காகத்தான் பார்த்தாய். நான் இலையை மடித்துவிட்டு, "கை கழுவிட்டு வரேன்" என்று எழுந்துவிட்டேன். திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "சந்தோஷம்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கிற பல்லு கொட்டிடுமா?" என்றாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் நீ போன் பண்ணினாய். இண்டர்வியூவுக்கு வந்தவன் மாதிரி வரிசையாகக் காரணம் சொன்னாய். ரெண்டு பேரும் யோசித்துத்தான் முடிவு பண்ணினோம், வாணிக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, டாக்டரும் பயப்பட ஒன்றுமில்லை என்றார், ஸ்கூல் விஷயமும் பேசிவிட்டோம் என்றெல்லாம் சொன்னாய். கடைசியில், "அம்மாவை இந்தத் தடவை தொந்தரவு பண்ண மாட்டோம்ப்பா. போன தடவையே முட்டி வலியோட மூணு மாசம் மாடி ஏறி இறங்கினாங்க. வீட்டுக்கு ஒரு ஆள் வெச்சுக்கறோம்" என்றாய். சரிப்பா என்று போனை வைத்துவிட்டேன். பிரபு, உன் அம்மாவுக்கு முட்டி வலி கிடையாது. ஒரு நாளும் இருந்ததில்லை. அது நான் சொன்ன பொய். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை சொன்னேன். இப்போது நான் வாயே திறக்காமல் அது மறுபடியும் வேலை செய்கிறது.

இந்தக் காலத்தில் நாலு பிள்ளையா என்று நான் முகம் சுளிப்பதாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படி நினைக்கும்படி நான்தான் நடந்துகொண்டேன். மூன்றாவது உண்டானபோது உன் பழைய வீட்டுக்காரர், மூன்று குழந்தை என்றால் தண்ணீர் பத்தாது என்று வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். நீ அதை வருத்தத்தோடு வந்து சொன்னாய். எனக்கு உள்ளுக்குள்ளே ஒரு குளிர்ச்சி. கொள்ளிடக் கரையில் காலையில் என்னோடு நடக்கிறவர்கள், "உங்க பையன் படிச்சவர்தானே, சார்?" என்று கேட்டுச் சிரித்தபோது நானும் கூடச் சிரித்தேன். உன்னை விட்டுக்கொடுத்துச் சிரித்தேன். கவலைப்படுகிற அப்பன் அப்படிச் சிரிக்க மாட்டான். எனக்கு இருப்பது பொறாமை. எழுபதை நெருங்குகிற நான் பெற்ற மகனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன் என்று எழுதக் கை கூசுகிறது. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

இது எனக்கு நேற்று வந்த வியாதி இல்லை. நாங்கள் ஏழு பேர் என்பது உனக்குத் தெரியும். பாலக்கரையில் ஒன்றரை அறை வீட்டில் நான் ஐந்தாவதாகப் பிறந்தவன். உன் சித்தப்பா, பெரியப்பாக்கள் கூடினால் அந்த வீட்டைப் பற்றிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள். நானும் ஒப்புக்குச் சிரிப்பேன். எங்கள் அம்மா என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் முதலில் அண்ணன்கள் பெயர், அப்புறம் அக்கா பெயர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, என் பெயர் வராமல், "டேய், நீதாண்டா" என்பார். அவருக்கு நேரம் எங்கே? எனக்கு ஒரு முறை டைபாய்டு வந்து பதினைந்து நாள் படுத்திருந்தேன். அந்தப் பதினைந்து நாளும் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி கொடுத்தார். என் பெயரை முதல் தடவையிலேயே சரியாகச் சொன்னார். ஜுரம் விட்ட அன்றைக்கு நான் அழுதேன். குணமாகிவிட்டதே என்று அழுத பிள்ளை நான்.

கல்யாணமாகி வந்த உன் அம்மா என்னை ஒருவனை மட்டும் பார்த்தாள். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளிடம்கூடச் சொன்னதில்லை. ஆபீஸ் விட்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்து இறங்கும்போது, நமக்காக மட்டும் ஒருத்தி வாசல் பார்த்திருக்கிறாள் என்கிற நினைப்பிலேயே ஸ்டாண்டிலிருந்து வேகமாக நடப்பேன். ரெண்டு வருஷம் அப்படி. அப்புறம் நீ பிறந்தாய். உன்னை எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதே. உன்னைத் தூக்கிக்கொண்டு நான் அலையாத தெரு ஸ்ரீரங்கத்தில் இல்லை. ஆனால் வீட்டுக்குள் நுழைந்தால் அவள் உன்னோடு இருப்பாள். பாதி எனக்குப் போய்விட்டது. மீதிப் பாதியையாவது காப்பாற்ற வேண்டும் என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

உனக்கு நாலு வயசில் அம்மா முதல் தடவை கேட்டாள். "இவன் தனியா சுவத்தோட பேசிக்கிட்டிருக்கான். இன்னொண்ணு இருந்தா நல்லாருக்கும்ங்க" என்றாள். நான் படிப்பு, செலவு, ஊர் நிலவரம் என்று பேசினேன். ஏழு பேரோடு வளர்ந்தவனுக்குத்தான் கஷ்டம் தெரியும் என்று ஒரு போடு போட்டேன். அதற்கு மேல் அவள் என்ன சொல்ல முடியும்? மறு வருஷமும் கேட்டாள். அதற்கடுத்த வருஷமும் கேட்டாள். அதன் பிறகு ஒரு நாள் நான் வந்தபோது பரண் காலியாக இருந்தது. உன் தொட்டிலையும் சின்னச் சட்டைகளையும் பக்கத்து வீட்டில் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். "இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்திருந்தால் நிம்மதி வந்திருக்காது. அதனால் பார்க்கவில்லை. நீ கேரம் போர்டில் ஒரு பக்கம் அடித்துவிட்டு, எழுந்து போய் எதிர்ப் பக்கம் உட்கார்ந்து அடிப்பாய். வருகிறவர்களிடம், என் பையனுக்குத் தனி அறை, தனி மேஜை என்று நான் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

வாணியைப் பெண் பார்க்க முசிறிக்குப் போனபோது அவளுடைய அண்ணன்களும் தங்கையும் உன்னை நடுவில் உட்கார வைத்துக் கேலி பண்ணினார்கள். நீ ஒரு வார்த்தை பேசாமல் அவர்கள் வாயையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாய். பசியோடு இருந்தவன் முன்னால் இலை போட்ட மாதிரி இருந்தது உன் முகம். அன்றைக்கே எனக்குப் புரிந்தது, நீ பெண்ணை மட்டும் பார்க்கவில்லை என்று. அந்த வீட்டின் மேல் எனக்குக் கோபம் வந்தது அன்றைக்குத்தான். உன் மாமனார் எனக்கு ஒரு கெடுதலும் பண்ணாத மனிதர். ஒரு தடவை காந்தி மார்க்கெட்டில் அரை மணி நேரம் நின்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். அவர் முசிறியிலிருந்து ஒரு பூவன் தாரைத் தோளில் சுமந்து வந்து நடுவீட்டில் நிறுத்தியிருந்தார். யாழினியும் கதிரும் அதில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நான் பையைத் திறக்கவே இல்லை. திரும்பும்போது கூடவே எடுத்துக்கொண்டு வந்து, ஒரு வாரம் ஒளித்து வைத்து ஒவ்வொன்றாகத் தின்றேன். ரெண்டு புளிப்பு.

இப்போது அந்தப் பொய்க்கு வருகிறேன். யாழினி பிறந்ததிலிருந்து அம்மா எனக்குச் சமைத்து மூடி வைத்துவிட்டு, ஜங்ஷன் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று உன் வீட்டுக்கு ஓடுவாள். சாயங்காலம் வந்து, கதிர் இதைச் சொன்னான், யாழினி அதைச் செய்தாள் என்று சிரித்துச் சிரித்துச் சொல்வாள். நான் அந்த மூடிய தட்டுகளைத் திறந்து தனியாகச் சாப்பிட்டவன். மூன்றாவது உண்டாகியிருந்தபோது, பிரசவத்துக்கு முன்னாலேயே அம்மா வந்து சில மாதம் தங்க முடியுமா என்று கேட்க நீ போன் பண்ணினாய். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். போனை நான் எடுத்தேன். யோசிக்கவே இல்லை, வார்த்தை தானாக வந்தது. "அம்மாவுக்கு முட்டி தேஞ்சு போச்சுப்பா. டாக்டர் மாடியே ஏறக் கூடாதுன்னுட்டார். உனக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவேன்னு மறைக்கிறா. நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே." நீ அப்படியே நம்பினாய். உன் வீடு ரெண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. முசிறி மாமியாரை வரச் சொல்லிவிட்டாய்.

அம்மா உன் போனுக்காகக் காத்திருந்தாள். குழந்தையைச் சுற்ற ஆகுமென்று பழைய வாயில் புடவைகளைத் துவைத்து, மடித்து, ஒரு பையில் அடுக்கி வைத்திருந்தாள். அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வந்தபோது நீ என்ன செய்தாய் என்று நினைவிருக்கிறதா? அம்மா மாடி ஏறக் கூடாது என்று, கீழே பார்க்கிங்கில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குழந்தைகளை இறக்கிக் கூட்டி வந்தாய். காபியும் கீழேயே வந்தது. "மேல போலாமே" என்று அம்மா எழுந்தபோது, "வேணாம்மா, இங்கதான் காத்து நல்லா வருது" என்றாய். நீ பாசத்தில் செய்தாய். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துப் பார். நாலு ஞாயிற்றுக்கிழமை. நாலாவது ஞாயிறு வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றாமல் உட்கார்ந்து, "மேல வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலையே. நான் என்னங்க தப்பு பண்ணேன்?" என்று என்னைக் கேட்டாள். "வாணிக்கு அவங்க அம்மா இருந்தாத்தான் சௌகரியமா இருக்கும்" என்றேன். அவள் எழுந்து பின்பக்கம் போனாள். துவைக்கிற கல்லுப் பக்கம் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே எனக்குக் கேட்டது. நான் எழுந்து போகவில்லை. மறுநாள் மதியம் சுடச்சுட அவளே பரிமாற, எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். அதற்காகத்தான் இத்தனையும்.

நிலா பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உன் மாமியார், அம்மாவைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, "முட்டி எப்படிங்க இருக்கு? ஏன் அலைஞ்சீங்க?" என்றார். அம்மா, "எனக்கென்ன முட்டிக்கு?" என்று ஆரம்பித்தாள். நீ திரும்பினாய். அம்மா என்னைப் பார்த்தாள். என் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும். ஒரே விநாடிதான். "எனக்கென்ன முட்டிக்கு, இப்ப ஒண்ணுமில்லைங்க. வலிச்சுது, ஒரு தைலம் தடவினேன், சரியாப் போச்சு" என்று முடித்தாள். உனக்கு முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இது நடந்தபோது நீ அங்கேயே நின்றாய், உனக்குத் தெரியாது. வெளியே வந்ததும் ஆட்டோவில் ஏறுமுன், "நாலு வாரம் வண்டிங்க நடுவுல உக்கார வெச்சுட்டீங்களே" என்றாள். அவ்வளவுதான். மறுநாளே பையை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்துவிட்டாள். "வரதுன்னா நீங்களும் வாங்க. வந்தா சும்மா உக்கார முடியாது" என்று என்னிடம் சொன்னாள். நான் போகவில்லை. மூன்று மாதம் மெஸ்ஸில் சாப்பிட்டேன். மூன்றாவது குழந்தை பிறந்ததில் அப்பாவுக்கு இஷ்டமில்லை என்று நீ நினைத்துக்கொண்டாய். அந்த நினைப்பு எனக்கு வசதியாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

இத்தனைக்கும் பிறகு உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் இது உன் மாமனாருக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது, எனக்குத்தான் தெரியும். நாலு பெற்றுக்கொள்வது உன்னுடைய, வாணியுடைய முடிவு. ஊர் ஆயிரம் கேட்கும், பதில் சொல்லிக்கொண்டிருக்காதே. ஆனால் கதிரைப் பார். ஞாயிற்றுக்கிழமை அக்கா கை தட்டினாள், தங்கை கை தட்டினாள். அவன் தட்டவில்லை. தன் இலையில் இருந்த அப்பளத்தைத் தூள் தூளாக நொறுக்கிக்கொண்டிருந்தான். அது கெட்ட குணம் இல்லை. பெரிய வீட்டில் எல்லாக் குழந்தையும் சிரித்துக்கொண்டே வளராது. ஏதோ ஒன்று தன் பங்கை எண்ணிக்கொண்டே வளரும். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், அவனை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போ. எங்கே என்பது முக்கியமில்லை. அவன் பேச வேண்டும் என்றுகூட இல்லை. நிலாவையும் கூட்டிப் போகலாமே என்று உனக்குத் தோன்றும். கூட்டிப் போகாதே. அந்த ஒரு மணி நேரம் கிடைத்திருந்தால் நான் ஜுரம் விட்டதற்கு அழுதிருக்க மாட்டேன். உனக்கு ஒரு தம்பியோ தங்கையோ இருந்திருக்கவும் கூடும்.

இதுவரைக்கும் புதன்கிழமை எழுதி வைத்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் தபாலில் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்று காலையில் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரே உட்கார்ந்து முழுக்கப் படித்துக் காட்டினேன். தொட்டில் வரும் இடத்தில் அவள் கை நின்றது. முடிக்கும் வரை கீரையைத் தொடவில்லை. அப்புறம், "ரெண்டாவது வேணும்னு கேட்டேனே, அது பிரபுவுக்காக மட்டும்னு நினைச்சீங்களா?" என்றாள். "ஆபீஸ் விட்டு வந்தா என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க. நான் சிரிச்சா ஏன் சிரிச்சே, பேசலைன்னா ஏன் பேசலை. எனக்கு மூச்சு முட்டும்ங்க. வீடு நிறைய ஆளுங்க இருந்தா, உங்க கண்ணு கொஞ்சம் வேற பக்கம் போகும்னு இருந்துச்சு." இதை நாற்பது வருஷத்தில் இன்றைக்குத்தான் சொல்கிறாள். கீரையை என் பக்கம் தள்ளினாள். ரெண்டு பேருமாக ஆய்ந்தோம்.

சனிக்கிழமை காலையில் நாங்கள் ரெண்டு பேரும் உன் வீட்டுக்கு வருகிறோம். வீட்டுக்கு ஆள் பார்க்க வேண்டாம். அம்மா வாணியோடு இருப்பாள், நான் பால் வாங்குவேன், ஸ்கூலுக்குக் கொண்டு விடுவேன், சொன்ன வேலையைச் செய்வேன். வாணியிடமும் உன் மாமியாரிடமும் நானே என் வாயால் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். நீ கோபப்பட வேண்டியதை அதற்குள் கோபப்பட்டுக்கொள், அல்லது என் முகத்துக்கு நேராகவே கோபப்படு, ரெண்டும் எனக்குச் சம்மதம். அன்றைக்கு நீ எதிர்பார்த்த வார்த்தையை இப்போது எழுதலாம் என்று பார்க்கிறேன், பிரபு. சந்தோஷம் என்று எழுதினால் அதில் பாதிதான் நிஜம். உன் மாமனார் தாரை இறக்கும்போது எனக்கு இன்னமும் வயிறு எரியும், அது ஒரு நாளில் போகாது. ஆனால் அந்தப் பாதி நிஜம்தான். அதை வைத்துக்கொண்டு வருகிறேன், உள்ளே விடு.

அப்பா